இனம் இனத்தோடே
(பனமலைச் சுவர் கற்பிக்கும் வேதியியல்)

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் ஆயிரக்கணக்கானோர். ஆனால் கோட்டைக்குத் தெற்கே, பெரிய ஏரி ஒன்றின் அருகே அமைந்த பனமலைக் குன்றின்மீது ஏறுவோர் மிகச் சிலரே. அக்குன்றின்மேல் நிற்பது தாளகிரீசுவரர் கோயில். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் எழுப்பிய இராசசிம்ம பல்லவனே (கி.பி. 700-728) இதனையும் எழுப்பினான். விமானத்தை ஒட்டிய சிற்றறை ஒன்றின் சுவரில், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளைக் கடந்த ஓர் ஓவியம் எஞ்சியிருக்கிறது. தலையில் மகுடம், மேலே குடை, ஒருபுறம் சாய்ந்த முகம், மடித்து ஊன்றிய ஒரு கால்; உமையம்மை நின்று இறைவனின் ஆடலைக் காண்கிறாள். புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ராய் இவ்வோவியத்தை அறிஞர் உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தார்.

அம்மை நிற்கிறாள், அவள் காணும் ஆடலோ பெரும்பாலும் அழிந்துபோயிற்று. சில கோடுகளும் நிறத் திட்டுகளுமே மிச்சம். ஒரே கோயிலில், ஒரே காலத்தில் தீட்டப்பட்டவற்றுள் ஒன்று நிலைக்க மற்றொன்று மறைவதற்குக் காரணங்கள் பல உண்டு. மழை, வெளவால், விளக்குப் புகை, வெள்ளையடிப்பு, மனிதக் கை என்று அவற்றை அடுக்கலாம். இக்காரணங்களுள் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரு வேதியியல் வினா மறைந்து கிடக்கிறது: எது எதில் கரையும்? எது எதில் கரையாது? சுவரோவியம் ஒன்றைத் துடைக்க முற்படுபவர் இவ்வினாவுக்கு விடை அறிந்திருந்தால் ஓவியம் பிழைக்கும். அறியாதிருந்தால் அழுக்கோடு ஓவியமும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எனவே இவ்வினாவை மூலக்கூறுகளின் முனைவுத்தன்மையிலிருந்து தொடங்கிச் சற்று விரிவாகக் காண்போம்.

முனைவு என்பது யாது?

இரண்டு அணுக்கள் சேர்ந்து பிணைப்பு ஏற்படுத்தும்போது எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கின்றன. பகிர்வு எப்போதும் சமமாக இருப்பதில்லை. எலக்ட்ரான்களைத் தன்பால் இழுக்கும் ஆற்றல் ஒவ்வோர் அணுவுக்கும் வேறுபடுகிறது. பாலிங் வகுத்த அளவுகோலின்படி ஹைட்ரஜனின் கவர்திறன் 2.2, கார்பனுக்கு 2.55, ஆக்சிஜனுக்கு 3.44. எனவே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்பில் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ நடுவில் நிற்கின்றன. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்பிலோ அவை ஆக்சிஜன் பக்கம் சாய்கின்றன. ஆக்சிஜன் முனை சிறிது எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் முனை சிறிது நேர்மின் தன்மையும் பெறுகின்றன. இதுவே முனைவுப் பிணைப்பு.

பிணைப்பில் முனைவு இருந்தால் மட்டும் போதாது. மூலக்கூறின் வடிவமும் துணை நிற்க வேண்டும். கயிறிழுப்புப் போட்டியில் இரு புறமும் சமமான வலிமை இருந்தால் கயிறு நகர்வதில்லை அல்லவா? கார்பன் டை ஆக்சைடு நேர்கோட்டு வடிவம் கொண்டது. இரண்டு ஆக்சிஜன்களும் எதிரெதிர்த் திசைகளில் சமமாக இழுப்பதால் மொத்த விளைவு சுழியாகிவிடுகிறது. கார்பன் டெட்ரா குளோரைடிலும் அவ்வாறே. நான்கு குளோரின்களும் நான்முகியின் மூலைகளில் நின்று ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. நீர் மூலக்கூறோ 104.5 பாகை வளைந்தது. ஆகையால் அதன் இரண்டு பிணைப்புகளின் முனைவுகளும் ஒரே பக்கம் கூடிவிடுகின்றன. இதனை இருமுனைத் திருப்புத்திறன் என்னும் அளவால் குறிப்பர். இத்துறையில் ஆற்றிய பணிக்காக 1936-ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற பீட்டர் டிபையின் பெயரே அதன் அலகுக்கு வழங்குகிறது. நீரின் திருப்புத்திறன் 1.85 டிபை, ஈத்தைல் ஆல்கஹால் 1.69, அசிட்டோன் 2.88, ஹெக்சேன் ஏறத்தாழச் சுழி.

இவ்வெண்களை நோக்கும் மாணவர்க்கு ஓர் ஐயம் எழலாம். அசிட்டோனின் திருப்புத்திறன் நீரைவிட மிகுதியாயிற்றே, அப்படியானால் உப்பைக் கரைப்பதில் அசிட்டோன் அல்லவா முந்த வேண்டும் என்பதே அது. உண்மையில் உப்பு அசிட்டோனில் கரைவதே இல்லை எனலாம். காரணம், தனி மூலக்கூறு ஒன்றின் முனைவு மட்டும் கரைப்பானின் இயல்பைத் தீர்மானிப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் சிறியவை, நெருங்கி அமைந்தவை, ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பவை. ஒரு நீர்மம் தன்னுள் இருக்கும் மின்னூட்டங்களுக்கிடையேயான கவர்ச்சியை எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதைக் காட்டுவது மின்காப்பு மாறிலி. அறை வெப்பநிலையில் நீருக்கு இது ஏறத்தாழ 78; ஈத்தைல் ஆல்கஹாலுக்கு 24; அசிட்டோனுக்கு 21; ஹெக்சேனுக்கு 2-க்கும் சற்றுக் குறைவு. சோடியம், குளோரைடு அயனிகளுக்கு இடையிலான கவர்ச்சியை நீர் 78-இல் ஒரு பங்காக்கிவிடுகிறது. அத்துடன், சோடியம் அயனியை நோக்கி ஆக்சிஜன் முனைகளையும், குளோரைடு அயனியை நோக்கி ஹைட்ரஜன் முனைகளையும் திருப்பிச் சூழ்ந்துகொள்கிறது. அயனிகள் படிகத்தை விட்டுப் பிரிய, உப்பு கரைகிறது. ஒரு லிட்டர் நீரில் சுமார் 360 கிராம் உப்பு கரையும்.

எண்ணெய்க்கும் நீருக்கும் பகை உண்டா?

'எண்ணெயும் தண்ணீரும் போல' என்று ஒட்டாத உறவைச் சொல்வது நம் வழக்கம். ஆனால் நீர் எண்ணெயைத் தள்ளிவிடுவதாக எண்ணுவது சரியன்று. எண்ணெய் மூலக்கூறுக்கும் நீர் மூலக்கூறுக்கும் இடையே மெல்லிய கவர்ச்சி உண்டு. நீருக்கு நீர்மீதுள்ள கவர்ச்சி அதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதே செய்தி. எண்ணெய் மூலக்கூறு ஒன்று உள்ளே நுழைய வேண்டுமானால் நீர் மூலக்கூறுகள் கோத்த கைகளை ஒழுங்கு மாற்றி இடம் விட வேண்டும். விட்ட இடத்திற்கு ஈடாக எண்ணெய் எந்த ஹைட்ரஜன் பிணைப்பையும் தருவதில்லை. ஆதாயமில்லாத இவ்வணிகத்தை நீர் ஏற்பதில்லை. எண்ணெய் தனித்து மிதக்கிறது.

இதிலிருந்து பிறப்பதே கரைதலின் பொது விதி: ஒத்தது ஒத்ததைக் கரைக்கும். முனைவுள்ள பொருள் முனைவுள்ள கரைப்பானை நாடும். முனைவற்றது முனைவற்றதை நாடும். 'இனம் இனத்தோடே' என்னும் நம் பழமொழி இதற்குப் பொருந்துவது போல் வேறெதற்கும் பொருந்தாது எனலாம்.

நம் மாவட்டத்து மணிலாப் பயிரே இதற்குச் சான்று. மணிலாக் கொட்டையைச் செக்கில் ஆட்டிய பிறகும் பிண்ணாக்கில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு எண்ணெய் தங்கிவிடுவது உண்டு. எவ்வளவு அழுத்தினாலும் அது வெளிவருவதில்லை. கரைப்பான் முறை ஆலைகளில் அப்பிண்ணாக்கின்மேல் ஹெக்சேனைச் செலுத்துகின்றனர். முனைவற்ற ஹெக்சேன், முனைவு மிகக் குறைந்த எண்ணெயைத் தன்னுடன் அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறது; முனைவு மிகுந்த புரதமும் மாவுப் பொருளும் பிண்ணாக்கிலேயே நிற்கின்றன. ஹெக்சேன் ஏறத்தாழ 69 பாகை செல்சியசில் கொதிப்பதால் அதனை ஆவியாக்கி மீட்டு மறுபடியும் பயன்படுத்தலாம். பிண்ணாக்கில் எஞ்சுவது நூற்றுக்கு ஒரு பங்கும் இல்லை. செக்கின் வலிமையால் முடியாததைக் கரைப்பானின் பொருத்தம் முடித்துவிடுகிறது.

எல்லா எண்ணெய்களும் ஒரே இயல்பின என்று எண்ணிவிடலாகாது. நம் ஆய்வுக்கூடத்திலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு சோதனைக் குழாயில் சிறிது நல்லெண்ணெயும் மற்றொன்றில் சிறிது ஆமணக்கெண்ணெயும் எடுத்து, இரண்டிலும் நீரற்ற ஆல்கஹாலை ஊற்றிக் குலுக்குங்கள். நல்லெண்ணெய் பெரும்பாலும் தனித்து அடியில் நிற்கும். ஆமணக்கெண்ணெய் கலந்து தெளிந்த கரைசலாகிவிடும். காரணம், ஆமணக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம். அதன் நீண்ட சங்கிலியின் இடையே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. ஆல்கஹாலின் கையைப் பற்றிக்கொள்ள அந்த ஒரு கை போதும். அதே காரணத்தால் ஆமணக்கெண்ணெய் பெட்ரோலிய ஈதரில் மற்ற எண்ணெய்களைப் போல் எளிதாகக் கலப்பதில்லை. ஒரு பொருளின் பெயரை அறிவதைவிட அதன் மூலக்கூறில் உள்ள தொகுதிகளை அறிவது இன்றியமையாதது என்பதை இது காட்டுகிறது.

கரையாத சுண்ணாம்பு

இனிச் சுவருக்கு வருவோம். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, நீற்றி, மணலுடன் குழைத்துப் பூசுவதே சுண்ணச்சாந்து. ஈரம் காயாத சாந்தின்மேல் நீரில் கரைத்த நிறமண்ணைத் தீட்டினால், காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. அவ்வாறு உருவாகும் நுண்படிகங்கள் நிறத்துகள்களைச் சிறைப்படுத்திக்கொள்கின்றன. பசை எதுவுமின்றி நிறம் சுவரோடு ஒன்றாகிவிடுகிறது. இதனை ஈரச்சாந்து ஓவியம் என்பர். மற்றொரு முறையில், காய்ந்த சுவரின்மேல் வேலம்பிசின், வச்சிரம் போன்ற பசையில் குழைத்த நிறத்தைப் பூசுவர்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். கரைப்பானுக்கோ இரண்டும் வெவ்வேறு. வேலம்பிசின் சர்க்கரை அலகுகள் பல சேர்ந்த நெடுமூலக்கூறு. அதன் உடலெங்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருப்பதால் நீரில் கரைந்துவிடும். வச்சிரமோ புரதம்; நீரை ஏற்று உப்பி இளகும். எனவே பசையில் தீட்டிய ஓவியத்தின்மேல் ஈரத்துணி பட்டாலே நிறம் அசையும். ஈரச்சாந்து ஓவியம் அவ்வாறு அசையாது.

இங்கே மற்றோர் ஐயம் எழ வேண்டும். கால்சியம் கார்பனேட்டும் உப்பைப் போல அயனிகளால் ஆனதுதானே? நீர் மிகுந்த முனைவுள்ளதுதானே? 'ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்' என்றால் சுண்ணாம்புச் சுவர் மழையில் கரைந்து ஓட வேண்டாமா? கரைவதில்லை. ஒரு லிட்டர் தூய நீரில் கரையும் கால்சியம் கார்பனேட்டு ஏறத்தாழ 15 மில்லிகிராம் மட்டுமே. சோடியம் குளோரைடில் ஒற்றை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று கவர்கின்றன. கால்சியம் கார்பனேட்டில் இரட்டை மின்னூட்டங்கள். அப்படிகக் கூட்டை உடைப்பதற்கான விலையை நீரின் வரவேற்பால் ஈடுகட்ட முடிவதில்லை. ஆக, பொது விதி என்பது கரைப்பானைத் தேடும் திசையைக் காட்டும் கைகாட்டி மட்டுமே. போய்ச் சேர்வோமா என்பதைப் படிகத்தின் பிடிப்பும் கரைப்பானின் கவர்ச்சியும் நடத்தும் பேரத்தின் முடிவே தீர்மானிக்கிறது. பல்லவர், சோழர் காலத்துச் சுண்ணச்சாந்து இன்றளவும் நிற்பதற்கு அந்தப் பேரத்தில் நீர் தோற்பதும் ஒரு காரணம்.

நிறங்களிலும் இதே கதைதான். நம் மாவட்டத்துக் கீழ்வாலையிலும் செத்தவரையிலும் பாறைகளில் செந்நிற ஓவியங்கள் உள்ளன. செங்காவி என்பது இரும்பு ஆக்சைடு. அது நீரிலும் கரையாது, எண்ணெயிலும் கரையாது, ஆல்கஹாலிலும் கரையாது. இத்தகைய மண் நிறங்கள் கரைந்து போவதால் அழிவதில்லை. அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் பொருள் கரைவதாலும் பெயர்வதாலுமே அழிகின்றன.

எது பிடித்துவைத்திருக்கிறது என்று அறிவதுதான் முதற்பணி. 1931-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களில் அச்சாந்தையும் நிறங்களையும் பகுத்தாய்ந்து, சோழர் ஓவியம் சுண்ணாம்பாலேயே பிணைக்கப்பட்ட ஈரச்சாந்து ஓவியம் என்னும் முடிவுக்கு வந்தார். பழைய ஓவியத்தை அழகுணர்வோடு காண்பதோடு நில்லாமல், அதனைப் பொருள் என்ற முறையில் பகுத்துப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியது அவரைப் போன்றோரின் உழைப்பால்தான்.

சுவரின்மேல் படிந்தவை

கோயிற் சுவரோவியங்களின்மேல் காலப்போக்கில் படியும் அழுக்குகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது ஒரு முனைவுத்தன்மை அட்டவணையாகவே அமைந்துவிடும்.

முதலாவது விளக்குப் புகை. புகைக்கரி தூய கார்பன். அது எந்தக் கரைப்பானிலும் கரையாது. ஆனால் கரியைச் சுவரோடு ஒட்டவைப்பது எண்ணெய்ப் பிசுக்கு. அப்பிசுக்கைக் கரைத்துவிட்டால் கரி தானே பஞ்சில் ஒட்டி வந்துவிடும். புதிய பிசுக்கிற்கு டர்பன்டைன் போன்ற முனைவு குறைந்த கரைப்பான் போதும். பழைய பிசுக்கு அவ்வளவு எளிதில் பணியாது. ஆண்டுக்கணக்கில் காற்றின் ஆக்சிஜனை ஏற்று அது அமிலத் தொகுதிகளும் ஹைட்ராக்சில் தொகுதிகளும் பெற்று, முனைவு கூடி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடுகிறது. எனவே அதற்கு அசிட்டோன், ஆல்கஹால் போன்ற முனைவு மிகுந்த கரைப்பான்கள் தேவைப்படுகின்றன. எண்ணெய் முதுமை அடையும்போது தன் இனத்தையே மாற்றிக்கொள்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாவது, காப்பதற்கென்று மனிதர் பூசும் மெருகெண்ணெய்கள். அவற்றுள் புகழ்பெற்றது அரக்கிலிருந்து எடுக்கும் செல்லாக். மரத்தச்சர்கள் அதனை ஸ்பிரிட்டில் ஊறவைத்துப் பாலிஷ் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஹைட்ராக்சில், அமிலத் தொகுதிகள் நிறைந்த செல்லாக் ஆல்கஹாலில் கரையும். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கரையாது.

மூன்றாவது, உப்புகள். வெளவாலின் எச்சத்திலிருந்தும் தரையிலிருந்தும் சுவரில் ஊறும் நைட்ரேட்டு, குளோரைடு, சல்பேட்டு உப்புகளுக்குக் கரைப்பான் நீர் ஒன்றே. எந்த அசிட்டோனும் அவற்றை அசைக்காது.

இவ்வாறு ஒவ்வோர் அழுக்குக்கும் ஒரு கரைப்பான் உண்டு. ஆனால் கலைப் பாதுகாப்பாளர் கேட்கும் கேள்வி 'அழுக்கைக் கரைப்பது எது?' என்பதோடு முடிவதில்லை. 'அழுக்கைக் கரைத்து, ஓவியத்தைக் கரைக்காதது எது?' என்பதே முழுக் கேள்வி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில்தான் அவர் பணியாற்ற வேண்டும்.

அசந்தா தந்த பாடம்

இதற்கு அசந்தாவே சிறந்த எடுத்துக்காட்டு. அங்குள்ள ஓவியங்கள் மண்சாந்தின்மேல், பசையில் குழைத்த நிறங்களால் தீட்டப்பட்டவை. 1920-22 ஆண்டுகளில் ஐதராபாத் நிசாம் அரசு, செக்கோனி, ஓர்சினி என்னும் இரண்டு இத்தாலிய வல்லுநர்களை வரவழைத்துப் பாதுகாப்புப் பணி செய்வித்தது. பெயர்ந்து விழவிருந்த சாந்துப் பகுதிகளை அவர்கள் ஒட்டி நிலைநிறுத்தினர், அது பெருந்தொண்டு. ஆனால் மேற்பரப்பில் செல்லாக் மெருகும் பூசப்பட்டது. நாளடைவில் அம்மெருகு மஞ்சளாகிக் கறுத்து, நிறங்களை மறைக்கலாயிற்று.

பின்னாளில் அதனை நீக்கும் பொறுப்பு இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்களைச் சார்ந்தது. அவர்கள் முன் நின்ற சிக்கலை நாம் இப்போது எளிதில் புரிந்துகொள்ளலாம். நீரைப் பயன்படுத்த இயலாது. மண்சாந்தும் பசையும் இளகிவிடும். பெட்ரோல் வகைக் கரைப்பான் பயன்படாது; செல்லாக் அசையாது. நடுவில் இருப்பவை ஆல்கஹால் முதலிய கரிமக் கரைப்பான்கள். அவை செல்லாக்கைக் கரைக்கும். நீரற்ற நிலையில் வச்சிரப் பசையை எளிதில் கரைக்கா. எனவே கரிமக் கரைப்பான்களைத் தக்க விகிதத்தில் கலந்து, பஞ்சில் நனைத்து, சிறிது சிறிதாகத் துடைத்தெடுக்க வேண்டும். கரைப்பானின் வேகம் மிகுந்தால் முனைவு குறைந்த டர்பன்டைன் போன்ற ஒன்றைச் சேர்த்து அதனைத் தணிக்கலாம். ஓவியப் பாதுகாப்பில் டர்பன்டைனுக்குக் கடிவாளத்தின் வேலை. காலம் கடந்தால் செல்லாக் மூலக்கூறுகளும் தம்முள் பிணைந்து ஆல்கஹாலுக்கும் அடங்காமல் போகும் என்பதால் பணி மேலும் கடினமாகிறது. பூசியது சில ஆண்டுகளில். நீக்கும் பணியோ தலைமுறைகளாக நீண்டது.

கரைப்பான்களைத் தேர்வதில் பட்டறிவு மட்டுமே வழிகாட்டிய நிலை பிற்காலத்தில் மாறிற்று. 1967-இல் சார்லஸ் ஹான்சன் என்பார், ஒவ்வொரு பொருளின் கவர்ச்சியையும் மூன்று கூறுகளாகப் பகுத்தார். எல்லா மூலக்கூறுகளுக்கும் பொதுவான மெல்லிய கவர்ச்சி ஒன்று. முனைவால் வருவது ஒன்று. ஹைட்ரஜன் பிணைப்பால் வருவது மற்றொன்று. இம்மூன்றிலும் நெருங்கி நிற்கும் இரண்டு பொருள்கள் ஒன்றில் ஒன்று கரையும். அசிட்டோனும் நீரும் இரண்டுமே முனைவுள்ளவையாக இருந்தும் வேறுபட்டு இயங்குவது ஏன் என்பதற்கு இதில் விடை கிடைக்கிறது. கரிமப் பொருள்களைப் பொறுத்தவரை பழைய விதியின் 'ஒத்தது' என்னும் சொல்லுக்கு எண்ணால் பொருள் கூறியது இம்முறை.

இரு கைகள் கொண்ட மூலக்கூறுகள் மற்றொரு வழியைத் திறந்தன. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சபோனின் மூலக்கூறின் ஒரு பகுதி சர்க்கரையால் ஆனது. அது நீரை நாடும். மறுபகுதி எண்ணெயை நாடும். தலையில் தேய்த்த எண்ணெயை நீரோடு இழுத்துச்செல்வது இவ்விரு கைகளின் வேலை. இதே தத்துவத்தைக் கொண்டு, நீரில் மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகளை நிலைநிறுத்திய கலவையை இத்தாலி நாட்டு வேதியியலாளர்கள் உருவாக்கினர். பிளாரன்சு நகரின் பிரான்காச்சி சிற்றாலயத்து ஓவியங்களின்மேல் படிந்திருந்த மெழுகை 1980-களின் பிற்பகுதியில் அக்கலவை கொண்டு நீக்கினர். மெழுகு எண்ணெய்த் துளிக்குள் புகுந்தது. சுற்றியிருந்த நீர் அதனை மீண்டும் சுவரின் துளைகளுக்குள் புகவிடாமல் காத்தது. வெறும் எண்ணெய்க் கரைப்பானைப் பூசியிருந்தால் கரைந்த மெழுகு சுவருக்குள்ளேயே ஊறிப்போயிருக்கும்.

நீர் நண்பனா, பகைவனா?

பனமலைக்குச் செல்லும் நம்மில் எவரும் அசிட்டோன் புட்டியைக் கையில் கொண்டுபோவதில்லை. ஆனால் எல்லார் கையிலும் தண்ணீர்ப் புட்டி உண்டு. அதுவே கவலைக்குரியது.

மங்கிய ஓவியத்தின்மேல் நீரைத் தெளித்தால் நிறங்கள் திடீரென ஒளிர்ந்து தோன்றும். வறண்ட சுவரின் நுண்துளைகளில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. துளைகளை நீர் நிரப்பும்போது சிதறல் குறைந்து நிறம் தெளிகிறது. படம் எடுப்பதற்காகவும் படியெடுப்பதற்காகவும் சுவரோவியங்களையும் பாறை ஓவியங்களையும் நனைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. இந்த ஒளிர்வு சில நிமிடங்களே நீடிக்கும். அதற்குச் சுவர் கொடுக்கும் விலை மிகப் பெரிது.

சுண்ணாம்பு நீரில் கரையாதே, பின் என்ன தீங்கு என்று கேட்கலாம். தீங்கு மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, பல ஓவியங்களில் ஈரச்சாந்தின்மேல் தீட்டிய பகுதிகளோடு, காய்ந்தபின் பசை கொண்டு முடித்த நுண்வேலைகளும் இருப்பதுண்டு. கண்ணுக்கு எது எதுவென்று தெரியாது, நீருக்குத் தெரியும். இரண்டாவது, நாம் ஊற்றும் நீர் தூய நீரன்று. கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர், கரையாத கார்பனேட்டைக் கரையும் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. சுண்ணாம்புக் குகைகளைக் குடைந்தது இந்த வினைதான். மூன்றாவதே மிகக் கொடியது. சுவருக்குள் உறங்கிக்கிடந்த உப்புகளை நீர் கரைத்து எழுப்புகிறது. சுவர் காயும்போது அந்நீர் உப்பைச் சுமந்துகொண்டு மேற்பரப்பை நோக்கி வருகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு ஓவியப் படலத்தின் அடியிலேயே படிகமாகி வளர்கிறது. வளரும் படிகம் சாந்தை உள்ளிருந்து நெட்டித் தள்ள, ஓவியம் செதில் செதிலாக உதிர்கிறது. உப்பை மிக நன்றாகக் கரைப்பது என்ற நீரின் பெருமையே இங்கு ஓவியத்திற்குக் கேடாக முடிகிறது.

1966 நவம்பரில் ஆர்னோ ஆறு பெருக்கெடுத்துப் பிளாரன்சு நகரை மூழ்கடித்த பிறகு, அங்குள்ள ஓவியங்களைத் தாக்கியதும் இத்தகைய உப்புகள்தாம். சுவரில் உண்டான கால்சியம் சல்பேட்டு, கார்பனேட்டைவிட நூறு மடங்குக்கும் மேலாக நீரில் கரையக்கூடியது. ஒவ்வொரு முறை ஈரமாகும்போதும் அது கரைந்து, காயும்போது மீண்டும் படிகமாகிச் சாந்தைச் சிதைத்தது. என்சோ பெர்ரோனி என்னும் வேதியியலாளரின் வழிகாட்டுதலில், முதலில் அம்மோனியம் கார்பனேட்டும் பின்னர் பேரியம் ஹைட்ராக்சைடும் இட்டனர். கால்சியம் சல்பேட்டு மீண்டும் கார்பனேட்டாயிற்று. பிரிந்த சல்பேட்டு, நீரில் கரையாத பேரியம் சல்பேட்டாக அடங்கிற்று. கரையும் பகையைக் கரையாத பொருளாக்கி உறங்கவைத்த இம்முறை உலகெங்கும் பரவியது.

தேர்ந்த பாதுகாப்பாளரும் நீரைப் பயன்படுத்துவதுண்டு. காகிதக் கூழைத் தூய நீரில் நனைத்துச் சுவரில் பற்றுப்போடுவது போல் அப்பி, உப்பைச் சுவரிலிருந்து கூழுக்கு இழுத்துக்கொள்வார். அவரது நீரும் நம் புட்டி நீரும் மூலக்கூறால் ஒன்றுதான். எங்கே, எவ்வளவு, எதற்குப் பின் என்று அறிந்து இடுவதே வேறுபாடு.

ஆகவே, அடுத்த முறை பனமலை ஏறும் மாணவ நண்பர்களை வேண்டிக்கொள்வது இதுதான். உமையின் முகம் தெளிவாகத் தெரியவில்லையே என்று சுவரை நனைக்காதீர்கள், கைக்குட்டையால் துடைக்காதீர்கள். விரலால் தடவினால் தோலின் எண்ணெயும் வியர்வை உப்பும் சேர்ந்தே படியும். முனைவற்றதும் முனைவுள்ளதுமாகிய இரண்டு அழுக்குகளை ஒரே தொடுகையில் விட்டுவருவோம். சுவரின் அருகில் சூடம் கொளுத்துவதைக் கண்டால் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகும்வரை சற்று நேரம் நின்று பாருங்கள். கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும். வேதியியல் பயிலும் நாம் அந்தச் சுவருக்குச் செய்யக்கூடிய முதல் தொண்டு, எதையும் கரைக்காமல் திரும்பி வருவதே. அதற்கு மேலும் செய்ய விரும்புவோர்க்குத் தொல்பொருள் வேதியியல் என்னும் துறை காத்திருக்கிறது. பரமசிவன் போன்றோர் தொடங்கிய அப்பணிக்கு நம் கல்லூரியிலிருந்தும் ஒருவர் செல்வாராயின் பனமலைக்கு அதுவே நற்பேறு.